நெடுநாள் நின்ற வண்டி



குற்றாலத்துச் சாரல் என்றதும் உங்கள் மனம் பேரருவிக்கும் ஐந்தருவிக்கும் ஓடிவிடும். அது இயல்பே. ஆனால் பழைய மோட்டார் வண்டி ஒன்றைக் கொட்டகையில் வைத்திருப்பவரின் மனம் அந்தப் பக்கம் ஓடுவதில்லை. அவர் துருவை நினைத்துக் கவலைப்படுகிறார். அருவிக்கு நீர் தரும் அதே ஈரக் காற்றுத்தான் அவருடைய வண்டியையும் அரிக்கிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக் காற்று ஆரியங்காவுக் கணவாய் வழியாக இறங்கி வருகிறது, குற்றாலத்தை நனைக்கிறது, தென்காசிக் கோபுர வாயிலில் நிற்பவரின் மேல்துண்டைப் பறிக்கப் பார்க்கிறது. அந்தக் காற்றுக்குக் கொட்டகையின் ஓட்டுக்கூரை ஒரு தடையா? இரும்பு துருப்பிடிப்பதற்கு மழை நேரே அதன்மேல் விழவேண்டும் என்பதில்லை. காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு 60, 70 என்ற அளவைத் தாண்டினாலே போதும். கண்ணுக்குத் தெரியாத மெல்லிய நீர்ப்படலம் இரும்பின்மேல் படிந்து, பிராணவாயுவோடு சேர்ந்து தன் வேலையைத் தொடங்கிவிடும்.

ஓடுகின்ற வண்டிக்கு இந்த ஆபத்துக் குறைவு. ஓடும்போது இயந்திரம் சூடேறித் தன் ஈரத்தைத் தானே உலர்த்திக்கொள்கிறது. எண்ணெய் உராயும் இடங்களிலெல்லாம் பரவிக் காவல் செய்கிறது. நிற்கும் வண்டியில் எண்ணெய் மெல்ல வழிந்து அடித்தட்டில் தங்கிவிடும். சிலிண்டர்ச் சுவர்கள் காவலின்றி நிற்கும். இருபது ஆண்டு, முப்பது ஆண்டு இவ்வாறு நின்ற வண்டியை மீண்டும் ஓடவைப்பது எங்ஙனம் என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

எடுத்துக்காட்டாக ஒரு வண்டியை மனத்தில் வைத்துக்கொள்வோம். சென்னையை அடுத்த வண்டலூர்ப் பக்கத்தில் 1961 முதல் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு வண்டியை உங்கள் பாட்டனார்கள் நன்கு அறிவார்கள். இங்கிலாந்தில் 1959இல் டிரையம்ப் ஹெரால்டு என்ற பெயரில் வெளிவந்த வண்டியே இங்கு ஸ்டாண்டர்டு என்ற பெயரோடு வந்தது. அதன் உருவத்தை வரைந்தவர் இத்தாலியரான மிக்கலோட்டி. நான்கு சிலிண்டர்களும் சேர்ந்து 948 கன சென்டிமீட்டர். அதில் எனக்குப் பிடித்த சிறப்பு ஒன்று உண்டு: முன்பக்கத்து மூடி, இரு மட்கார்டுகளோடும் சேர்ந்து அப்படியே முன்னோக்கிக் கவிழும். இயந்திரம் முழுதும் கண்முன் விரிந்து நிற்கும். முன்சக்கரத்தின்மேல் உட்கார்ந்துகொண்டே வேலை பார்க்கலாம். 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும் வண்டி அது. கோயிலைச் சுற்றிய வீதிகளுக்கென்றே செய்தாற்போன்றது. அப்படி ஒரு வண்டி இலஞ்சியிலோ மேலகரத்திலோ ஒரு கொட்டகையில் இருபத்தைந்து ஆண்டுகளாக நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

மோட்டார்த் தொழில் நெல்லைச் சீமைக்கு அயலானதன்று. திருக்குறுங்குடியில் பிறந்த டி. வி. சுந்தரம் ஐயங்கார் 1912இல் மதுரைக்கும் தேவகோட்டைக்கும் இடையே பஸ் விட்டவர். இரண்டாம் உலகப் போரின்போது பெட்ரோலுக்குப் பங்கீடு வந்தது. அப்போது கரியை எரித்து வரும் வாயுவினால் பஸ்கள் ஓடின. சொந்தக் கார்கள் பல செங்கல் அடுக்கின்மேல் ஏறி உட்கார்ந்துவிட்டன. நெடுநாள் நின்ற வண்டியை எழுப்பும் கலை நம்மவர்க்குப் பழகியது இத்தகைய காலங்களில்தான். ஏட்டில் எழுதாமல் கைப்பழக்கமாகவே வந்த கலை அது. அதை அறிந்த மேஸ்திரிகள் இன்று முதியவர்கள். உங்கள் ஊர்ப் பட்டறையில் அத்தகைய ஒருவர் இருந்தால், அவரிடம் இன்றே சென்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கொட்டகைக் கதவைத் திறந்தவுடன் எல்லாரும் கேட்கும் கேள்வி, 'இது ஓடுமா?' என்பது. ஓரிருவர் ஒரு புதிய பாட்டரியைக் கொண்டுவந்து மாட்டி, செல்ஃபை அழுத்தியும் பார்ப்பார்கள். அந்த ஒரு நிமிஷ ஆவலில் கெட்டுப்போன இயந்திரங்கள் ஏராளம். முதலில் கேட்கவேண்டிய கேள்வி வேறு, 'இது நிற்குமா?' என்பதே அது. ஓடாத வண்டி யாருக்கும் தீங்கு செய்வதில்லை. பிரேக் இல்லாமல் ஓடுகிற வண்டி செங்கோட்டைச் சாலையில் என்ன செய்யும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. இதனை மறவாமல் இனி வேலைக்கு வருவோம்.

முதல் நாள் எதையும் கழற்ற வேண்டா. விளக்கை எடுத்துக்கொண்டு வண்டியைச் சுற்றிப் பார்ப்பது ஒன்றே வேலை. நம் நாட்டுக் கொட்டகைகளில் வண்டிக்குள் குடியேறும் உயிர்கள் பல. எலி, கம்பியின்மேல் சுற்றிய துணியையும் ரப்பரையும் கடித்து, இருக்கையிலுள்ள நாரைப் பிய்த்துக் காற்று வடிகட்டிக்குள் கூடு கட்டியிருக்கும். குளவிக்குச் சிறு துளை என்றால் தனி ஆசை. பெட்ரோல் டேங்கின் காற்றுத் துளையையும் புகைபோக்கியின் வாயையும் மண்ணால் பூசி அடைத்துவிடும். காற்றுத் துளை அடைபட்ட டேங்கிலிருந்து பெட்ரோல் சிறிது தூரம் வந்து நின்றுபோகும். காரணம் தெரியாமல் கார்புரேட்டரை நான்கு முறை கழற்றியவர்களும் உண்டு. போருக்கு முந்திய வண்டிகளில் உடற்கூட்டுக்கு மரச்சட்டம் இருக்கும். அங்கே கறையானைத் தேடவேண்டும். பாம்பு இருக்கிறதா என்று பார்த்த பிறகே கையை உள்ளே விடுங்கள். இதை வேடிக்கையாகச் சொல்லவில்லை.

வண்டியைத் தூக்கவேண்டியிருந்தால் ஜாக்கை மட்டும் நம்பி அடியில் படுக்கலாகாது. செங்கல்லும் கூடாது, பாரம் ஏறினால் அது சொல்லாமல் நொறுங்கும். இரும்புத் தாங்கிகளோ கனத்த மரக்கட்டைகளோ வேண்டும்.

இனிப் பெட்ரோல். நெடுநாள் நின்ற பெட்ரோல் பெட்ரோலாக இருப்பதில்லை. அதிலுள்ள எளிதில் ஆவியாகும் பகுதிகள் முதலில் பறந்துவிடுகின்றன. குளிர்ந்த இயந்திரத்தில் பற்றிக்கொள்ள வேண்டியவை அவைதாம். எஞ்சிய பகுதி காற்றிலுள்ள பிராணவாயுவோடு கூடிப் பிசினாக மாறுகிறது. டேங்கைத் திறந்தால் வார்னிஷ் வாசனை வரும். மயிரிழை போன்ற துளைகளையுடைய கார்புரேட்டர் ஜெட்டுகளை அந்தப் பிசின் அடைத்துவிடும். டேங்கில் பெட்ரோல் மட்டத்துக்கு மேலுள்ள வெற்றிடத்திலோ, இரவுக் குளிரில் ஈரம் வியர்த்துத் துரு உதிர்ந்திருக்கும். ஆகவே டேங்கைக் கழற்றி, பழையதை வடித்து, உள்ளே சுத்தமான சிறு சரளைக் கற்களையோ சங்கிலியையோ போட்டுக் குலுக்கிக் கழுவி உலர்த்த வேண்டும். டேங்கில் ஓட்டை இருந்தால் உடனே பற்றவைக்கக் கொடுத்துவிடாதீர்கள். காலி டேங்க் நிறைந்த டேங்கைவிடக் கொடியது. அதனுள் இருப்பது பெட்ரோல் ஆவியும் காற்றும் கலந்த வெடிகலவை. நன்கு கழுவி ஆவியை முழுதும் போக்கிய பின்னரே நெருப்பு அதன் அருகே வரலாம். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். அது தரையோடு தவழ்ந்து பட்டறைக் குழியில் தேங்கும்.

இன்றைய பெட்ரோலைப் பற்றியும் ஒரு சொல். 2025 முதல் நம் நாட்டுப் பெட்ரோலில் நூற்றுக்கு 20 பங்கு எத்தனால் கலந்து வருகிறது. எத்தனால் நீரை ஈர்க்கும் இயல்புடையது. நீர் அளவு மீறினால் பெட்ரோலைவிட்டுப் பிரிந்து நீரோடு சேர்ந்து அடியில் தங்கிவிடும். சாரல் நாட்டில் இது சிறிய செய்தியன்று. அன்றியும் அது பழைய ரப்பர்க் குழாய்களையும் கார்க்குகளையும் ஊறவைத்துக் கெடுக்கிறது. பழைய பிசினைக் கரைத்துக்கொண்டு வந்து வடிகட்டியை அடைக்கிறது. ஆதலால் குழாய்களையும் பெட்ரோல் பம்பின் சவ்வையும் இக்காலப் பெட்ரோலைத் தாங்கும் வகையில் புதிதாகப் போடுவதே நன்று. மற்றொரு மாறுதல், ஈயம் கலந்த பெட்ரோல் 2000ஆம் ஆண்டோடு இந்தியாவில் நின்றுபோனது. அந்த ஈயம் வால்வு அமரும் இடத்துக்கு ஒருவகைப் பாதுகாப்பாக இருந்தது. மெதுவாக ஓட்டினால் கேடு குறைவு. இயந்திரத்தை முழுதும் பிரிக்க நேரும்போது கடினமான வால்வு இருக்கைகளைப் பொருத்திக்கொள்ளலாம்.

அடுத்து இயந்திரம். பொறுமையைச் சோதிக்கும் இடம் இதுவே. நான்கு சிலிண்டர் இயந்திரம் எந்த நிலையில் நின்றாலும் ஏதேனும் ஒரு சிலிண்டரின் வால்வு திறந்தே இருக்கும். அந்த வழியாகப் புகைக் குழாயிலிருந்தோ கார்புரேட்டரிலிருந்தோ ஈரக் காற்று உள்ளே புகுகிறது. பிஸ்டன் வளையமும் சிலிண்டர்ச் சுவரும் வார்ப்பிரும்பு. இரண்டும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் துரு பிடித்தால் என்ன ஆகும்? துரு, தான் தின்ற இரும்பைவிடக் கூடுதலான இடத்தை அடைப்பது. ஆகவே அது இடுக்கில் ஆப்பு வைத்தாற்போல் இறுகிவிடும். இதையே பட்டறையில் 'எஞ்சின் ஜாம்' என்கிறார்கள்.

அந்த நிலையில் செல்ஃபை அழுத்துவது ஏன் தவறு? செல்ஃபின் சிறு பற்சக்கரம் பெரிய சக்கரத்தின் விளிம்பைத் தள்ளுகிறது. சிறு விசை அங்கே பல மடங்காகப் பெருகுகிறது. இறுகிய வளையம் ஒடியலாம். சுவரில் கீறல் விழலாம். அப்புறம் சிலிண்டரை ரீபோர் செய்யாமல் தீராது. எனவே நான்கு பிளக்குகளையும் கழற்றிவிட்டு, ஒவ்வொரு துளையிலும் மண்ணெண்ணெயும் மெல்லிய எண்ணெயும் கலந்த கலவையைச் சிறிது ஊற்றி, ஒரு வாரம் சும்மா விடுங்கள். மறுபடியும் ஊற்றுங்கள். அந்தச் சும்மா விடுதலே மருந்து. கலவை நூலிழை இடுக்குகளில் ஊர்ந்து செல்வதற்குக் காலம் வேண்டும். பிறகு வண்டியை நான்காம் கியரில் போட்டு, முன்னும் பின்னும் மெல்ல அசைத்துப் பாருங்கள். விரற்கடை அசைந்தாலும் வெற்றியே. சில இயந்திரங்கள் மூன்றாம் நாள் இளகும். சில ஒரு மாதம் கழித்து இளகும். சில தலையைக் கழற்றிய பிறகே இணங்கும்.

அசைந்ததும் மகிழ்ந்துபோய்ச் சுற்றிவிடக் கூடாது. மேல்மூடியைத் திறந்து வால்வுகளைக் கவனிக்க வேண்டும். ஒரு வால்வு தன் வழிகாட்டியில் ஒட்டிக்கொண்டு நின்றால், அதைத் தள்ளும் கம்பி வளைந்துபோகும். ஒவ்வொரு வால்வும் ஏறி இறங்குகிறதா என்று ஒருவர் பார்க்க, மற்றொருவர் கையால் சுற்றவேண்டும். ஒட்டியதற்கு எண்ணெய் விட்டுச் சிறு சுத்தியால் மென்மையாகத் தட்டினால் பெரும்பாலும் விட்டுவிடும்.

பழைய எண்ணெயை வடியுங்கள். அதில் நீரும் அமிலமும் கசடும் சேர்ந்திருக்கும். புதிய எண்ணெய் ஊற்றியபின், பிளக்குகள் இல்லாத நிலையிலேயே செல்ஃபால் இயந்திரத்தைச் சுற்றவிட்டு, எண்ணெய் அழுத்தம் எழுகிறதா என்று பார்க்கவேண்டும். பிளக் இல்லாததால் அழுத்த வேண்டிய காற்று இல்லை; பேரிங்குகளின் மேல் பாரம் மிகக் குறைவு. எண்ணெய் அங்கெல்லாம் போய்ச் சேர்ந்தபின் இயந்திரத்தை முடுக்குவது அறிவுடைமை.

பொறி உண்டாக்கும் பகுதியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பழைய வண்டியின் பெருமையே அதன் எளிமைதான். பாட்டரியின் 12 வோல்ட்டைக் காயில் பல்லாயிரம் வோல்ட்டாக உயர்த்துகிறது. அதற்கு மின்னோட்டத்தை வெட்டிவெட்டித் தருவது டிஸ்ட்ரிபியூட்டரில் உள்ள பிளாட்டினம் பாயிண்ட். நெடுநாள் நின்றால் அதன் முகத்தில் களிம்பு படியும். மெல்லிய அரத்தால் துடைத்து, வண்டிக்குரிய இடைவெளியில் வைக்கவேண்டும்; ஆங்கிலேய வண்டிகள் பலவற்றில் அது ஏறத்தாழ 0.4 மில்லிமீட்டர். பாட்டரி மாட்டும் முன் ஒன்றைக் கவனியுங்கள்: அக்கால ஆங்கிலேய வண்டிகள் பலவற்றில் பாட்டரியின் நேர்முனையே வண்டி உடலோடு இணைக்கப்பட்டிருக்கும். இக்கால வழக்கப்படி மாற்றி மாட்டினால் சில கருவிகள் கெடும். ரேடியேட்டரைக் கழுவி, காய்ச்சி வடித்த நீரும் துருத்தடுப்பு மருந்தும் கலந்து ஊற்றுங்கள்.

இப்போது நான் முதலிலேயே குறிப்பிட்ட பிரேக்குக்கு வருகிறோம். பள்ளியில் பாஸ்கல் விதி படித்திருப்பீர்கள். அடைபட்ட திரவத்தின் ஓரிடத்தில் தரும் அழுத்தம் எல்லா இடங்களுக்கும் குறையாமல் பரவும் என்பது அவ்விதி. மிதியை அழுத்தினால் மாஸ்டர் சிலிண்டரிலுள்ள திரவம் அந்த அழுத்தத்தை நான்கு சக்கரங்களுக்கும் கொண்டுபோகிறது. விதி உண்மைதான், ஆனால் 'அடைபட்ட' என்ற சொல்லை மறந்துவிடக்கூடாது. எங்கேனும் ஒரு குழாய் வெடித்தால் திரவம் வெளியேறும். அக்கால வண்டிகளில் நான்கு சக்கரங்களுக்கும் ஒரே வழியாதலால் நான்கும் ஒருங்கே போய்விடும். இன்றைய வண்டிகளில் இரு தனி வழிகள் உண்டு. ஒன்று போனாலும் மற்றொன்று காக்கும்.

பிரேக் ஆயிலும் நீரை ஈர்ப்பதே. சாதாரண வகைப் பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது 205 டிகிரி சென்டிகிரேடு வரை கொதிக்காது. ஈரம் ஏறியபின் ஏறத்தாழ 140 டிகிரியிலேயே கொதிக்கலாம். மலைச்சரிவில் இறங்கும்போது பிரேக் சூடாகும். திரவம் கொதித்து ஆவியாகும். திரவம் சுருங்காது, ஆவி சுருங்கும். ஆகவே மிதி வெறுமையாகத் தரை வரை இறங்கிவிடும், வண்டியோ நிற்காது. கொட்டகையில் மிதித்துப் பார்த்தபோது நன்றாக இருந்ததே என்று பின்னர் வியந்து பயனில்லை. அது மட்டுமா? ஈரத்தால் சிலிண்டரின் உட்சுவரில் குழிகள் விழுந்திருக்கும். ரப்பர் வாஷர்கள் கல்லாய் இறுகியிருக்கும். வெளிப்பார்வைக்கு நல்லதாகத் தோன்றும் ரப்பர்க் குழாய் உள்ளே வீங்கி வழியை அடைத்திருக்கும்.

ஆதலால் பிரேக்கில் சிக்கனம் வேண்டா. குழாய், வாஷர், திரவம் எல்லாம் புதிது. குழி விழுந்த சிலிண்டருக்கு உறை போடுவது அல்லது மாற்றுவது. பழைய பொருளை அப்படியே காப்பாற்ற வேண்டும் என்ற கொள்கையை இருக்கைத் துணியிலும் வர்ணத்திலும் கடைப்பிடியுங்கள். உயிரைக் காக்கும் உறுப்புகளில் அந்தக் கொள்கைக்கு இடமில்லை என்பது என் கருத்து. டிரம்மைத் திறக்கும்போது உள்ளிருக்கும் தூசியைக் காற்றடித்து ஊதிவிடாதீர்கள். பழைய லைனிங்குகளில் கல்நார் கலந்திருந்தது. அந்தத் தூசி நுரையீரலுக்கு நஞ்சு. ஈரத் துணியால் துடைத்தெடுங்கள். டயர்களும் இவ்வாறே. பட்டன் தேயாமல் புதிதுபோல் தோன்றினும், வயதேறிய ரப்பர் உள்ளுக்குள் வெடித்திருக்கும். அவற்றில் வண்டியைக் கொட்டகையைவிட்டு நகர்த்தலாம்; சாலைக்குப் போகலாகாது.

இவ்வளவும் ஆனபின்தான் இயந்திரத்தை முடுக்கும் நாள். வண்டியைக் கொட்டகைக்கு வெளியே தள்ளுங்கள். புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. தீயணைப்பான் ஒன்றும் மணல் வாளி ஒன்றும் அருகே இருக்கட்டும். கவனிக்க வேண்டியது எண்ணெய் அழுத்தம். சில விநாடிகளில் முள் ஏறவில்லையானால், அல்லது விளக்கு அணையவில்லையானால், உடனே நிறுத்திவிட வேண்டும். இயந்திரம் எவ்வளவு இனிமையாகப் பாடினாலும் சரி. சிலிண்டரில் ஊற்றிய எண்ணெய் எரிவதால் முதலில் நீலப் புகை சூழும், அயலார் கூடுவர், அஞ்ச வேண்டா, சிறிது நேரத்தில் அடங்கும். அடங்காத வெண்புகை தொடர்ந்தால் கேஸ்கட்டைச் சந்தேகிக்கலாம்.

சாலைக்கு வருமுன் சட்டத்தையும் பாருங்கள். 50 ஆண்டுக்கு மேற்பட்டு, கணிசமாக மாற்றப்படாத சொந்த வண்டிகளைத் தொன்மை வண்டிகளாகப் பதிய 2021இல் மத்திய அரசு தனி விதி வகுத்தது. புதிதாகப் பதியக் கட்டணம் 20,000 ரூபாய். மறுபதிவுக்கு 5,000 ரூபாய். பதிவு 10 ஆண்டு செல்லும். எண்பலகையில் மாநில எழுத்துகளை அடுத்து 'வி.ஏ.' என்ற எழுத்துகள் வரும். கண்காட்சி, ஆராய்ச்சி, பழைய வண்டிகளின் அணிவகுப்பு, பெட்ரோல் போடுதல், பழுதுபார்த்தல் போன்றவற்றுக்கே அவ்வண்டியைச் சாலையில் ஓட்டலாம். அன்றாடப் போக்குவரவுக்கும் வாடகைக்கும் கூடாது. 'கணிசமாக மாற்றப்படாத' என்பதைக் கவனித்தீர்களா? அழகு செய்கிறேன் என்று உடலை வெட்டி, வேறு இயந்திரத்தைப் பொருத்திவிட்டால் இந்தத் தகுதியே போய்விடும். பழைய வண்டிகள் உரிய நிலையில் எப்படி இருந்தன என்று காண விரும்புவோர் கோயம்புத்தூரில் ஜி. டி. நாயுடுவின் நினைவோடு 2015இல் திறந்த கார் காட்சிசாலைக்குப் போய்வரலாம்.

முதல் ஓட்டம் சமதரையில் இருக்கட்டும். பத்து நிமிஷம் ஓட்டி, நிறுத்தி, நான்கு சக்கரங்களின் நடுவிலும் கையை அருகே கொண்டுபோய்ப் பாருங்கள். ஒன்று மட்டும் அதிகமாகச் சுட்டால் அங்கே பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. சக்கர நட்டுகளை ஐம்பது கிலோமீட்டரில் மறுபடி முறுக்குங்கள். எண்ணெயை முதல் சில நூறு கிலோமீட்டரிலேயே மாற்றிவிடலாம். பழைய கசடு அதற்குள் இளகி வந்திருக்கும். தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் இடையே பலமுறை போய்வந்து, மிதி ஒருநாளும் தாழவில்லை என்று கண்ட பிறகு, ஆரியங்காவு மலைச்சாலையை நினைக்கலாம். அங்கே இறங்கும்போது எந்தக் கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். பாரத்தை இயந்திரம் தாங்கட்டும், பிரேக் குளிர்ந்திருக்கட்டும்.

சாரல் காலத்தில் மறுபடியும் வண்டியை நிறுத்திவைக்க நேர்ந்தால், டேங்கையும் கார்புரேட்டரையும் வடித்து, பிளக்குத் துளைகளில் ஒரு கரண்டி எண்ணெய் விட்டு, இயந்திரத்தை இருமுறை கையால் சுற்றுங்கள். கைப்பிரேக்கை இழுத்து வைக்காதீர்கள். லைனிங் டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும். சக்கரத்துக்குக் கட்டை கொடுத்தால் போதும். புகைபோக்கியின் வாயில் ஒரு துணியை அடைத்து, அதன் நுனி வெளியே தொங்கும்படி விடுங்கள். குளவி உள்ளே போகாது. அடுத்த முறை முடுக்கும்போது அதை எடுக்க மறந்தும் போகமாட்டீர்கள்.